முயல் வேட்டையில் வல்லூறும் நாயும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வேட்டைக்குப் பழக்கிய பறவை சொன்னபடி கேட்கவில்லை என்றதும், பசித்தால் கேட்கும் என்று தீனியைக் குறைப்பவர்கள் அதிகம். எடை கூடிப்போன வல்லூறும் எடை இறங்கிப்போன வல்லூறும் வெளியே காட்டுவது பெரும்பாலும் ஒரே அறிகுறிதான்: கூப்பிட்டால் வராது, துரத்தினால் பாதியில் விடும், மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே தீனியைத் தொடும் முன் எந்தப் பக்கத்துக் கோளாறு என்று பிரித்தறிய வேண்டும். அதற்குத் தராசும் விரல் நுனியும் போதும்.

இங்கே சொல்லப்படுபவை ஹாரிஸ் வல்லூறையும், குறி காட்டி நிற்கும் பாயின்டர் வகை நாய்களையும் வைத்து எழுதப்பட்டவை. செவ்வால் பருந்துக்கும் பெரும்பகுதி பொருந்தும். பறவை வளர்ப்புக்கும் வேட்டைக்கும் சட்டம் இடம் தருகிற ஊரில், உரிமம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மேலே போகிறோம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

எடை: தினமும் ஒரே நேரத்தில், தீனிப்பை (தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பை) காலியாக இருக்கும்போது, 1 கிராம் வரை காட்டும் தராசில் பாருங்கள். மணி, கால்வார் (காலில் கட்டும் தோல்வார்), இருக்குமிடம் காட்டும் டிரான்ஸ்மிட்டர் எல்லாவற்றோடும் நிறுத்தால் எப்போதும் அப்படியே நிறுங்கள். இன்று கழற்றி, நாளை மாட்டி நிறுத்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆண் ஹாரிஸ் சுமார் 600 கிராமிலும் பெண் சுமார் 900 கிராமிலும் பறக்கும் என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. உங்கள் பறவையின் எண் உங்கள் குறிப்பேட்டில்தான் இருக்கும்.

மார்பெலும்பு: நடு எலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள். சதை உருண்டு நிரம்பியிருந்தால் நல்லது. எலும்பு கத்தி முனைபோலத் துருத்தினால், தராசு என்ன சொன்னாலும் அன்று வேட்டை கிடையாது.

கக்கல் உருண்டை: முந்தைய நாள் ரோமத்தோடோ இறகோடோ தின்றிருந்தால், செரிக்காத அதைப் பறவை உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டை வெளியே வரும் வரை பறக்கவிடாதீர்கள். வழக்கமாக மறுநாள் காலையில் வந்துவிடும்.

கருவி: களத்தில் பறக்கும்போது துளையில்லாத கால்வார் மட்டுமே போட வேண்டும். துளை இருந்தால் கிளையிலும் முள்வேலியிலும் மாட்டிப் பறவை தலைகீழாகத் தொங்கிப்போகும். கணுக்கால் பட்டை தேயவில்லையா, டிரான்ஸ்மிட்டர் ஒலி ரிசீவரில் கேட்கிறதா என்று வண்டியிலிருந்து இறங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 1: கூப்பிட்டால் கைக்கு வரவில்லை

எடை வழக்கத்தைவிடக் கூடுதல் என்றால்

சரிசெய்ய எளிது. அன்று பறக்கவிடாமல் தீனியைச் சிறிது குறையுங்கள். ஒரு நாளில் ஆணுக்கு 5 முதல் 10 கிராம், பெண்ணுக்கு 10 முதல் 15 கிராமுக்கு மேல் இறக்க வேண்டாம். அவசரப்பட்டு ஒரு நாள் பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் போகும். சதை போனால் மறுவாரம் துரத்த வலு இருக்காது.

என்ன தீனி தந்தீர்கள் என்பதையும் பாருங்கள். முயல் இறைச்சியில் கொழுப்பு குறைவு, காடையில் சத்து அதிகம். 40 கிராம் முயலிலிருந்து 40 கிராம் காடைக்கு மாறியதுமே எடை ஏறும். எடை ஏன் ஏறியது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பலருக்கு விடை இதுதான்.

எடை சரியாக இருந்தும் வரவில்லை என்றால்

இங்கேதான் பொறுமை வேண்டும். எளியதிலிருந்து தொடங்குங்கள்:

- காற்று. பறவைக்குக் காற்றின் எதிர்த்திசையில் வந்து இறங்குவதுதான் வசதி. காற்று உங்கள் பக்கமிருந்து பறவையை நோக்கி வீசும்படி இடம் மாறி நின்று கூப்பிடுங்கள். பாதி நேரம் இதோடு தீர்ந்துவிடும்.
- புதிய பொருள். தொப்பி, குடை, அறிமுகமில்லாத ஆள், பளபளக்கும் சட்டை. அதை அகற்றிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள்.
- வெயில். அலகைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தால் அதற்குப் பசி தெரியாது. அதிகாலைக்கோ மாலைக்கோ மாற்றுங்கள்.
- வேறு வேட்டைப் பறவை. வானத்தையே பார்த்தபடி உடம்பை ஒடுக்கி உட்கார்ந்திருந்தால் மேலே கழுகோ பருந்தோ வட்டமிடுகிறது என்று பொருள். அது போகும் வரை நாயைக் காலடியில் படுக்க வைத்துக் காத்திருங்கள்.
- கூலி குறைவு. ஒவ்வொரு அழைப்புக்கும் நகக்கண் அளவு துண்டே தந்திருந்தால் பறவை கணக்குப் போடப் பழகிவிடும். நாலைந்து சிறு துண்டுக்கு நடுவே ஒரு பெரிய துண்டு, அதுவும் எப்போது வரும் என்று தெரியாதபடி இருக்க வேண்டும்.

மூன்று நாள் இப்படிப் பார்த்தும் மாற்றமில்லை என்றால் பயிற்சிக் கயிற்றுக்குத் திரும்புங்கள். 25 மீட்டரில் கூப்பிட்டதும் தயங்காமல் வருகிறதா என்று பார்த்த பிறகே கயிறு இல்லாமல் விட வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எடை குறைந்திருந்தும் வரவில்லை என்றால்

இதைத்தான் பிடிவாதம் என்று தப்பாக நினைக்கிறார்கள். கண் பாதி மூடியிருக்கும், இறகைச் சிலிர்த்திருக்கும், சிறகு தொங்கும், இறைச்சியைப் பார்க்கும் ஆனால் கிளம்பாது. இன்னும் குறைத்தால் பறவை செத்துவிடும். உடனே எடுத்து, கதகதப்பான இடத்தில், சிறுசிறு துண்டாக, ரோமமும் எலும்பும் இல்லாத இறைச்சியைக் கொடுங்கள். ஒரேயடியாகத் தீனிப்பை நிறையக் கொடுத்தால் மெலிந்த பறவையால் கரைக்க முடியாது, உள்ளேயே அழுகிவிடும். குளிர்காலத்தில் எடை குறைந்த ஹாரிஸுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வருவதுண்டு. நடுக்கமோ தலை பின்னால் வளைவதோ தெரிந்தால் அதே நேரத்தில் பறவை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குளிர் கூடக்கூடப் பறக்கும் எடையையும் கூட்ட வேண்டும். வெதுவெதுப்பான பருவத்தில் எழுதிவைத்த எண் உறைபனியில் செல்லாது.

## அறிகுறி 2: மரத்தில் உட்கார்ந்துகொண்டு பின்தொடர மறுக்கிறது

நீங்கள் அங்கேயே நின்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அதற்கு நகரக் காரணமே இல்லை. நாயை முன்னே விட்டு நடங்கள், புதரைக் குச்சியால் தட்டுங்கள். ஹாரிஸ் இயல்பிலேயே கூட்டமாக வேட்டையாடும் இனம். முயல் கிளம்பும் இடத்தை விட்டுத் தூரமாக இருக்க அது விரும்பாது. 100 மீட்டர் நடந்த பிறகும் வரவில்லை என்றால் அறிகுறி 1-க்குப் போய் எடையிலிருந்து பாருங்கள்.

மழையில் இறகு நனைந்திருந்தால் காயும் வரை வராது. வேட்டையே இல்லாத வெற்றுக் களத்துக்கு அடிக்கடி கொண்டுபோனாலும் ஆர்வம் விட்டுப்போகும். அப்போது மாற்ற வேண்டியது களத்தை.

உட்கார்ந்திருப்பது மின்கம்பம் என்றால் கதை வேறு. பயிற்சி பெற்ற வல்லூறுகள் மின்சாரம் தாக்கிச் சாவது சாதாரணம். முயல் வேட்டையை மறந்துவிட்டு, மின்கம்பத்தை விட்டு விலகித் திறந்த வெளிக்குப் போய், இறைச்சி கட்டிய போலி முயலைக் காட்டி இறக்குங்கள். கம்பம் அருகே வேட்டைக்கே போகாமல் இருப்பது இதைவிட மலிவு.

## அறிகுறி 3: துரத்துகிறது, ஆனால் பிடிக்கவில்லை

பாதியிலேயே திரும்பிவிடுகிறது

முதல் சந்தேகம் உடல்வலு. கூண்டிலும் கம்பிலும் உட்கார்ந்தே இருந்த பறவைக்கு 60 மீட்டர் துரத்தவே மூச்சு முட்டும். தரையிலிருந்து, தலைக்கு மேல் உயர்த்திய கைக்குச் செங்குத்தாகத் தாவ வையுங்கள். முதல் நாள் 10 தாவல் போதும். அலகைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். தினமும் சிலவற்றைக் கூட்டி, மூன்று நான்கு வாரத்தில் 50 தாவலைத் தாண்ட வேண்டும். இந்தப் பயிற்சி பறவையைத் தேற்றியதும், அதே எடையில் முன்னைவிடப் பசிப்பதும் தெரியும். சதை ஏறிய பறவையின் வேட்டை எடை சில கிராம் கூடலாம், குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தூரம். பழகும் பறவைக்கு 15 முதல் 20 மீட்டருக்குள் கிளம்பும் முயலையே காட்டுங்கள். தொலைவில் ஓடுவதற்கெல்லாம் விட்டால் துரத்தினாலும் பயனில்லை என்று கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, முன்பு பலமாக உதை வாங்கியிருக்கலாம். முயலின் பின்னங்கால் சாமானியமானதல்ல. அப்படியென்றால் இறைச்சி கட்டிய போலி முயலை இழுத்து, தலைப்பக்கம் பிடித்தால் மட்டும் தீனி கிடைக்கும்படி பல நாள் பழக்குங்கள். இறைச்சியைப் போலி முயலின் தலையில்தான் கட்ட வேண்டும், இடுப்பில் கட்டினால் தப்பான இடத்தைப் பிடிக்கப் பழகும்.

எட்டிப் பிடிக்கிறது, நழுவுகிறது

நகமும் அலகும் முனை மழுங்கியிருக்கிறதா, பாதத்தில் முள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, இரையின் அளவு. 1 முதல் 2 கிலோ உள்ள வளை முயலை 600 கிராம் ஆண் தலையைப் பிடித்தால் நிறுத்திவிடும். ஐரோப்பியப் பழுப்பு முயல் 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். அதன்மேல் ஆண் ஹாரிஸை விடுவது பறவையைக் கெடுக்கும் வேலை.

புதரில் மோதுகிறது

இது பறவையின் தவறே அல்ல, விட்டவரின் தவறு. நாய் பாயின்ட் நிற்கும்போதே (இரை இருக்கும் இடத்தைக் காட்டி அசையாமல் நிற்கும்போதே) கையைத் தளர்த்தியிருப்பீர்கள். முயல் புதரை விட்டு வெளியே வந்த பிறகே விட வேண்டும். உயரமும் முக்கியம். முட்டி உயரக் கையிலிருந்து கிளம்பும் பறவைக்குச் செடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. 2 மீட்டருக்கும் மேலான டி வடிவக் கம்பில் தூக்கிப் பிடித்தாலோ, பக்கத்து மரத்தில் உட்கார விட்டாலோ முயல் ஓடும் வழி முழுக்கத் தெரியும்.

வால் இறகு வளைந்திருந்தால் வெந்நீரில் சில விநாடி முக்கினால் நிமிரும். முறிந்திருந்தால் முன்பு உதிர்ந்த பழைய இறகை அந்த அடித்தண்டில் ஊசி வைத்து ஒட்ட வேண்டும். முதல் முறை அனுபவமுள்ள ஒருவர் கூட இருக்கட்டும். முறிந்த இடத்தில் இறகின் குறுக்கே மெல்லிய கோடு தெரிந்தால், இறகு முளைத்த காலத்தில் பறவை பட்டினி கிடந்திருக்கிறது. தீனிக் குறைப்பின் கணக்கு மாதங்கள் கழித்து இப்படி வெளியே வரும்.

## அறிகுறி 4: வல்லூறுக்கும் நாய்க்கும் ஒத்துவரவில்லை

நாயைக் கண்டால் பறவை மிரள்கிறது

நாய் அதன் இயற்கை எதிரி என்பதை மறக்க வேண்டாம். அறிமுகம் தாமதமாகவோ அவசரமாகவோ நடந்திருக்கிறது. முதலிலிருந்து தொடங்குங்கள். நாயைக் கட்டி, 10 மீட்டரில் படுக்க வைத்துவிட்டு, பறவைக்குக் கையுறையில் தீனி கொடுங்கள். தயக்கமில்லாமல் தின்றால் மறுநாள் ஒரு மீட்டர் பக்கம். தீனியை விட்டுத் தலையைத் தூக்கினால் ஒரு மீட்டர் பின்னால். நாய் பறவையை முறைத்துப் பார்க்கக் கூடாது. பார்வையை உங்கள்மேல் வைக்கும் நாய்க்குப் பரிசு கொடுங்கள். நாய் இருந்தால்தான் தீனி வரும் என்று பறவைக்குப் புரியும் வரை களத்துக்குப் போக வேண்டாம்.

பறவை நாயைப் பிடிக்கிறது

முதலில் எடையைப் பாருங்கள். பசி அளவு மீறிய பறவை ஓடுகிற எதையும் பிடிக்கும். அடுத்தது நாயின் அளவு. குட்டையான, பழுப்பு நிற நாய் புல்லுக்குள் ஓடினால் முயலுக்கும் அதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. நாயின் கழுத்தில் மணியும் பளிச்சென்ற பட்டையும் கட்டினால் அடையாளம் தெரியும்.

பிடித்துவிட்டால் பறவையை இழுக்காதீர்கள், நகம் இன்னும் இறுகும். நாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, பெரிய இறைச்சித் துண்டைக் கையுறையில் காட்டினால் விடும். காயம் வெளியே ஊசித்துளை மாதிரி இருந்தாலும் உள்ளே ஆழம். கழுவிவிட்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கண் அருகே என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதம் வேண்டாம்.

எடை சரியாக இருந்தும் மறுபடி பிடித்தால் அந்த இணையைப் பிரித்துவிடுங்கள். வேறு நாயோடு அந்தப் பறவை நன்றாகப் போகலாம். இந்த நாயோடு போகாது.

## அறிகுறி 5: நாயின் வேலை சரியில்லை

முயல் இருக்கும் புதரை நாய் கண்டும் காணாமல் போகிறது

பறவை வேட்டைக்குப் பழகிய நாய்களிடம் இது அடிக்கடி வரும். அவற்றுக்கு ரோமமுள்ள இரையைத் துரத்தக் கூடாது என்று குட்டியிலேயே கண்டித்துச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் வாங்கிய நாய் முயல் வாசனையை மோந்ததும் முகத்தைத் திருப்பினால் மூக்கில் கோளாறில்லை, பழைய அடி நினைவுக்கு வருகிறது. முயல் தோலைப் புதரில் மறைத்து, மோந்து நின்றதும் பரிசு கொடுத்து, மெல்ல மீட்க வேண்டும். மின்அதிர்ச்சிக் கழுத்துப்பட்டையில் பழக்கப்பட்ட நாய் என்றால் நாய் பயிற்சியாளரின் உதவி தேவைப்படும். சில நாய்கள் மீளவே மீளாது.

பாயின்ட் நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை

முயல் இப்போதுதான் கிளம்பிப் போயிருக்கும், அல்லது வளைக்குள் இருக்கும். வளை வாயிலில் மட்டும் நின்று வாலை ஆட்டினால் முயல் வளைக்குள். புதரைப் பார்த்து விறைத்து நின்றால் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். காற்றுக்கு எதிராகத் தேட வையுங்கள், வெற்றுப் பாயின்ட் குறையும்.

உத்தரவில்லாமல் கிளப்புகிறது அல்லது கூடவே துரத்துகிறது

பறவைக்கு ஆபத்து தரும் பிழை இது. முயலின்மேல் வல்லூறும் நாயும் ஒரே நேரத்தில் விழுந்தால் வல்லூறின் கால் எலும்பு நொறுங்கலாம். 10 மீட்டர் நீளக் கயிற்றில் நாயை வைத்து, 'நில்' என்ற ஒரு சொல் முயல் ஓடும்போதும் செல்லுபடியாகும் வரை பறவை வீட்டிலேயே இருக்கட்டும். பாயின்ட் நின்றதும் நீங்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து, முயல் திறந்த வெளிப்பக்கம் ஓடும்படி நின்ற பிறகே 'கிளப்பு' என்று சொல்ல வேண்டும். வல்லூறு பிடித்ததும் நாய் 5 மீட்டர் தள்ளிப் படுக்க வேண்டும்.

## அறிகுறி 6: பிடித்த முயலை விட மறுக்கிறது, சிறகால் மூடிக்கொள்கிறது

இரையைப் பிடுங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். திருடன் என்று பறவை முடிவு கட்டிவிட்டால் மாற்றுவது நாள்பட்ட வேலை.

வேகமாக ஓடிப் போங்கள், ஆனால் கடைசிச் சில அடிகளை முழங்காலிட்டுத் தாழ்ந்து நகர்ந்து கடங்கள். முதலில் முயலின் பின்னங்கால் இரண்டையும் இறுகப் பிடியுங்கள், உதை நிற்கும். உடனே கழுத்தெலும்பை விலக்கி உயிரைப் போக்குங்கள். முயலைத் துடிக்க விடக் கூடாது. வெறும் விரலை வல்லூறின் பாதங்களுக்கு நடுவே கொண்டுபோகாதீர்கள். பிறகு வயிற்றையோ தோளையோ திறந்து சில வாய் தின்ன விடுங்கள். தலை குனிந்து தின்னும்போதே, பளிச்சென்று தெரியும் பெரிய துண்டைக் கையுறையில் நீட்டுங்கள். அதன்மேல் ஏறியதும், அது பார்க்காத பக்கமாக முயலைப் பைக்குள் தள்ளுங்கள். முதல் சில வேட்டைகளில் இப்படிக் கையுறைக்கு மாற்றுவதே வேண்டாம். தீனிப்பை நிறையத் தின்னட்டும், மறுநாள் ஓய்வு.

துப்பாக்கியால் சுட்ட முயலை ஒருபோதும் தீனியாகத் தராதீர்கள். ஒரே ஒரு ஈயத் துணுக்கும் நஞ்சுதான். பச்சை எச்சம், கால் இறுகி மடங்குதல், நிற்க முடியாமை தெரிந்தால் நேராக மருத்துவரிடம். சுறுசுறுப்பில்லாமல் கைக்குச் சிக்கும் முயலை வேட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எலிமருந்தாகவோ நோயாகவோ இருக்கலாம். தோலுரிக்கும்போது ரப்பர் கையுறை போடுங்கள். முயலிலிருந்து மனிதருக்கு வரும் டுலரேமியா என்ற காய்ச்சல் உண்டு. பச்சைக் குடலை நாய்க்கு வீசினால் நாடாப்புழு வரலாம்.

## அறிகுறி 7: உடம்பில் தெரியும் மாற்றம்

மூச்சில் சத்தம், குரல் மாற்றம், அசையாமல் இருக்கும்போதே வால் மூச்சோடு ஏறி இறங்குதல்: அன்றே பறவை மருத்துவரிடம். பூஞ்சை நுரையீரலில் இருந்தால் தாமதிக்க முடியாது.

வாய்க்குள் மஞ்சள்-வெள்ளைப் படலம்: புறா தின்ற பறவைக்கு வரும். மருந்தை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

இரவு தின்றது காலையிலும் தீனிப்பையில் கெட்டியாக இருந்து நாற்றம் வந்தால் அவசரம்.

பாதத்தில் பளபளப்பான சிவப்பு: உட்காரும் கம்பில் செயற்கைப் புல் விரிப்புச் சுற்றி, எடையைக் கவனியுங்கள். வீக்கமும் கறுப்புப் பொருக்கும் வந்துவிட்டால் கீறி எடுக்க வேண்டும், மருத்துவர் வேலை.

சிறகு நுனியில் நீர்கோத்து, தொட்டால் சில்லென்று இருப்பது: ஈரமும் உறைபனியும் சேரும் இரவுகளில் ஹாரிஸுக்கு வருவது. நுனி செத்துப்போனால் அந்த இறகுகள் திரும்ப முளைக்காது. உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளில் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள், தெரிந்த அன்றே சிகிச்சை தொடங்குங்கள்.

## அறிகுறி 8: பறவையைக் காணவில்லை

கடைசியாகப் பார்த்த இடத்தில் நின்று, நாயைப் படுக்க வைத்து, இரண்டு நிமிடம் மணிச்சத்தம் கேளுங்கள். பெரும்பாலும் பள்ளத்திலோ வளை வாயிலிலோ முயலின்மேல் உட்கார்ந்திருக்கும். வளைக்குள் பாதி உடம்பு இழுபட்டுக் கிடப்பதும் உண்டு. காக்கைகள் ஓரிடத்தில் கத்தினால் அங்கே போங்கள்.

சிக்னல் பலவீனம் என்றால் மேட்டில் ஏறி ஆன்டெனாவைக் கிடையாகவும் நிமிர்த்தியும் சுழற்றிப் பாருங்கள். தரையில் உட்கார்ந்த பறவையின் சிக்னல் வெகுவாகக் குறையும். பக்கத்தில் வந்துவிட்டால் ரிசீவரின் உணர்திறனைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாத் திசையும் ஒன்றாகவே ஒலிக்கும்.

இருட்டிவிட்டால் எந்த மரம் என்று குறித்து வைத்து, விடியலுக்கு அரை மணி முன்பே அதன் அடியில் போலி முயலோடு நில்லுங்கள். வெளிச்சம் வந்து சற்று நேரத்தில் கிளம்பிவிடும். மறுநாள் மதியம் வரை சிக்னலும் இல்லை என்றால் பக்கத்து வல்லூறு வளர்ப்பாளர்கள், வனத்துறை, பறவை மீட்பு மையங்களுக்குக் கால்வளைய எண்ணைச் சொல்லிவிடுங்கள். கிடைத்ததும் எடை, பாதம், சிறகு மூன்றையும் பார்த்து, தீனிப்பை பாதியளவு கொடுத்து, எடை பழைய நிலைக்கு வரும் வரை களத்துக்கு அழைத்துப்போகாதீர்கள்.